காரில் வெள்ளைப் புள்ளி: பூச்சைக் குறை சொல்வதா, தண்ணீரைப் பார்ப்பதா?

நம் வணிகர்களில் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். புதுக் கார் எடுத்த கையோடு 'செராமிக் கோட்டிங்' என்னும் பூச்சையும் போட்டுக்கொள்கிறார்கள். பூச்சு போட்ட அன்று கார் கண்ணாடிபோல் மின்னுகிறது. ஆனால் மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் மூன்று மாதம் ஓடினால் போதும், பானெட்டின் மேலும் கூரையிலும் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் தெரியத் தொடங்கிவிடுகின்றன. துடைத்தால் போவதில்லை, சோப்பு போட்டாலும் போவதில்லை. பூச்சு போட்டவரிடம் கொண்டுபோனால் "உங்கள் தண்ணீர் சரியில்லை" என்கிறார். பணம் கொடுத்தவரோ "உன் பூச்சு சரியில்லை" என்கிறார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

மளிகைக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். முதலாவது, போவது நம் பணம். இரண்டாவது, இந்தக் கறையோடு வருகிற வாடிக்கையாளர் நம் கல்லாவுக்கு எதிரில் நின்றுதான் "கறை போக ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறார். கடைப் பையன் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலை எடுத்து நீட்டினால், 200 ரூபாய்ச் சரக்கில் பத்து லட்ச ரூபாய்க் கார் பாழாகும். அதே அலமாரியில் இரண்டு தட்டு தள்ளி நிற்கும் வினிகர் பாட்டில்தான் சரியான சரக்கு. ஆகவே இந்த விஷயத்தை நாம் கொஞ்சம் விரிவாகத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பருப்பு வேகாத தண்ணீர்

"உங்கள் கடைத் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரைக் கேட்காத மளிகைக்காரர் வடசென்னையில் இருக்க முடியாது. பருப்பு பழையதாக இருந்தாலும் வேகாதுதான். ஆனால் அதே மூட்டையில் வாங்கிய பக்கத்துத் தெருக்காரர் வீட்டில் வெந்திருந்தால், குறை பருப்பில் இல்லை, போர் தண்ணீரில் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் மிகுந்த கடின நீரில் பருப்பு இறுகிக்கொள்ளும். சோப்பு நுரைக்காது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு பிடிக்கும். காரில் படியும் புள்ளியும் அந்தப் பொருக்கேதான்.

நடப்பது இதுதான். நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்த நிலையில் இருக்கிறது. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் காய்ந்து கரியமில வாயு வெளியேறியதும் அது கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக் கல்லாக மாறிவிடுகிறது. கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கரையாது. அதனால்தான் எத்தனை வாளி ஊற்றிக் கழுவினாலும் புள்ளி அசைவதில்லை. மாறாக, அதே தண்ணீரில் மறுபடி கழுவக் கழுவப் புள்ளி தடிக்கிறது.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடினத்தன்மைக்கு அதேபோல் 200, 600 என்று இரண்டு எல்லைகள். உங்கள் போர் தண்ணீரில் 1500 இருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் வாளி ஒன்றில் 22.5 கிராம் உப்பு. நான்கு வாளியில் காரைக் கழுவினால் 90 கிராம். 50 கிராம் பொட்டலம் இரண்டு கட்டினால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உப்பைக் காரின் மேல் ஊற்றியிருக்கிறோம். பெரும்பகுதி வழிந்து போய்விடுகிறது, சரி. துடைக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி, காரின் மேல் தங்கிக் காய்ந்தால் 0.3 கிராம் உப்பு அங்கேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை கழுவினால் வருடத்தில் 15 கிராமுக்கு மேல். தராசில் கொஞ்சம்தான், கருப்புப் பெயிண்டின் மேல் அது நிறைய.

இதில் இன்னொரு தவறான பழக்கமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டில் ஆர்.ஓ. எந்திரம் வைத்திருப்பவர்கள் அதன் கழிவு நீரைப் பிடித்துக் கார் கழுவுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் பாராட்டத்தக்கதே. ஆனால் 1000 அளவுள்ள நான்கு லிட்டர் நீரை உள்ளே விட்டு, ஒரு லிட்டரைக் குடிநீராகப் பிரித்தெடுத்தால், மீதி மூன்று லிட்டரில் 1300க்கு மேல் உப்பு ஏறியிருக்கும். பாதிக்குப் பாதி பிரிக்கும் எந்திரமானால் கழிவில் ஏறக்குறைய 2000. அந்த நீர் தரை கழுவவும் கழிவறைக்கும் ஏற்றது. காருக்கு அதைவிடக் கெடுதலான தண்ணீரைத் தேடிப் பிடிப்பது கடினம்.

நம் வட்டாரத் தண்ணீர்

மணலிக்கு வடக்கே மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் 1960களிலேயே பெரிய கிணற்று வயல்கள் அமைத்துச் சென்னைக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீர் எடுக்கத் தொடங்கினார்கள். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்துவைத்த நன்னீர் அது. எடுத்த அளவுக்கு மழை திருப்பிக் கொடுக்காததால் கடல் உள்ளே புகுந்தது. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் ஊடுருவல் இந்திய நிலத்தடி நீர் ஆராய்ச்சியில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வாகிவிட்டது. நெல் விளைந்த நிலங்களில் கிணற்று நீர் கரித்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

2010ல் மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. வடசென்னைக் குழாய்களில் வரும் தண்ணீரில் அதன் பங்கு கணிசமானது. இந்தக் குழாய்த் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மென்மையானது. ஆனால் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடம் தூக்கி நின்ற பிறகு, குடிநீரைக் குழாய்வைத்துக் காருக்கு அடிக்க நம்மில் யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது. ஆகவே எல்லா வாளிக்கும் வேண்டாம், கடைசி வாளிக்கு மட்டும் நல்ல தண்ணீர் போதும் என்பதே நாம் சொல்ல வருவது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். கொதிகலனில் கடின நீரை விட்டால் குழாய் உள்ளே சுண்ணாம்பு பிடித்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அவர்கள் உப்பு நீக்கிய தண்ணீரையே விடுகிறார்கள். கொடுங்கையூரில் நகரக் கழிவுநீரை மூன்றாம் கட்டம்வரை சுத்திகரித்து, ஆர்.ஓ. முறையில் உப்பு நீக்கி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் மணலித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019ல் இயங்கத் தொடங்கியது. கொதிகலனுக்கு இருக்கும் மரியாதையில் பாதியை நாம் காருக்குக் கொடுத்தால் போதும்.

பூச்சு என்ன செய்யும், என்ன செய்யாது

செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா அடிப்படையிலான ஒரு திரவம். பெயிண்டின் மேல் தடவினால் இறுகிக் கண்ணாடி போன்ற மெல்லிய படலமாகிவிடும். மெல்லியது என்றால் ஓரிரு மைக்ரான் அளவுதான். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். பூச்சுக்கு அடியில் இருக்கும் 'கிளியர் கோட்' என்னும் நிறமில்லாப் பெயிண்ட் அடுக்கே 40, 50 மைக்ரான்தான். இந்தப் படலம் அழுக்கைச் சுலபமாக விடுவிக்கும், பறவை எச்சம் உடனே அரிக்காமல் கொஞ்சம் நேரம் கொடுக்கும், மினுமினுப்பைக் காக்கும். இவை உண்மை.

ஆனால் விற்பவர்கள் '9 ஹெச் கடினம்' என்று அட்டையில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வைரத்தின் கடினம் 10 என்று பள்ளியில் படித்த நாம், வைரத்துக்கு அடுத்த படி போலும் என்று எண்ணிவிடுகிறோம். அந்த 10 வேறு அளவுகோல். இந்த 9 ஹெச் என்பது பென்சில் கணக்கு. 2 பி, எச்.பி., 2 ஹெச் என்று படம் வரையும் பென்சில்கள் இருக்கின்றனவே, அவற்றில் 9 ஹெச் பென்சிலால் கோடு போட்டாலும் கீறல் விழாது என்பதே அதன் பொருள். தராசும் படியும் வைத்துப் பிழைக்கிற நாம், எந்த அளவுகோலில் அளந்தது என்று கேட்காமல் சரக்கு வாங்கலாமா?

இனி, பூச்சு போட்ட காரில் புள்ளி ஏன் அதிகம் தெரிகிறது என்பதைப் பார்ப்போம். பூச்சு தண்ணீரை ஒட்டவிடாது. தாமரை இலைமேல் நிற்பதுபோல் நீர் முத்து முத்தாக நிற்கும். கதவு போன்ற செங்குத்தான இடங்களில் அந்த முத்துகள் உருண்டு ஓடிவிடும், அங்கே பிரச்சினை இல்லை. பானெட், கூரை, டிக்கி மூடி போன்ற மட்டமான இடங்களில் அவை அப்படியே உட்கார்ந்துவிடும். பூச்சு இல்லாத காரில் தண்ணீர் பரவிக் காய்வதால் உப்பும் பரவி மங்கலாகப் படியும். இங்கேயோ துளிக்குள் இருந்த அத்தனை உப்பும் ஒரே இடத்தில் குவிகிறது. புள்ளி ஏன் வளையமாக இருக்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. மேசையில் சிந்திய காப்பி காய்ந்தால் ஓரம் மட்டும் கருத்திருப்பதைப் பார்த்திருப்போம். துளியின் விளிம்பு முதலில் காய்வதால், உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடி, தன்னோடு கரைசலையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1997ல் இதை விளக்கி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பானெட்டில் நாம் பார்க்கும் வெள்ளை வளையமும் பெரும்பாலும் இப்படி உருவானதே.

ஆக, பூச்சுக்காரர் தண்ணீரைக் குறை சொல்வது நியாயமே. ஆனால் 'இனிக் கழுவவே வேண்டாம், தண்ணீர் தானாக ஓடிவிடும், கறையே படியாது' என்று சொல்லி விற்றிருந்தால் அது நியாயமில்லை.

மணலிக் காற்றும் முதல் மழையும்

நம் வட்டாரத்துக்கென்று இன்னொரு சங்கதி இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ல் நாடெங்கும் 88 தொழிற்பகுதிகளை ஆராய்ந்து 43 இடங்களைக் கடுமையாக மாசுபட்டவை என்று பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. எண்ணூர் பழைய அனல் மின் நிலையம் 2017ல் நிறுத்தப்பட்டாலும், வடசென்னை, வல்லூர் நிலையங்கள் நிலக்கரியில்தான் ஓடுகின்றன. இராயபுரத்தில் துணி காயப்போட்டால் கரி படிந்த காலம், 2011ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்ற பிறகு மாறியது. அந்த நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது. டி.பி.பி. சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புழுதியும் சாம்பலும் கந்தக வாயுவும் படிந்த காரின் மேல் சின்னத் தூறல் விழுந்தால், கழுவிவிடும் அளவுக்கு மழை இருக்காது, கரைக்கும் அளவுக்கு இருக்கும். அதன் பிறகு வெயில் அடித்தால் துளி சுண்டச் சுண்டப் புளிப்பு ஏறி, பெயிண்டையே அரித்துக் குழியாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் என்னும் துறைமுக நகரில் இந்த அரிப்பு மோசமாக இருப்பதால், பெயிண்ட் கம்பெனிகள் புதுப் பெயிண்டைப் பூசிய தகடுகளை அங்கே கோடையில் வெட்டவெளியில் வைத்துத்தான் சோதித்துப் பார்க்கின்றன. கடற்காற்று, ஈரம், வெயில், தொழிற்சாலைப் புகை எல்லாம் ஒன்றாகச் சேரும் இடம் அது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் கப்பலேறக் காத்திருக்கும் கார்களும், மணலித் தெருவில் நிற்கும் நம் கார்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருக்கின்றன.

அதனால் கோடையிலோ, பருவ மழைத் தொடக்கத்திலோ விழும் முதல் தூறலுக்குப் பின் காரை அப்படியே வெயிலில் விடக் கூடாது. நல்ல தண்ணீரில் ஒரு வாளி ஊற்றித் துடைத்துவிட வேண்டும். நாலைந்து நல்ல மழைக்குப் பிறகு பெய்யும் மழையோ தூய நீர், அது காருக்கு நல்லதே செய்யும்.

கறையை எடுப்பது

கறை எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சாதா உப்பாக இருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியிலேயே வந்துவிடும். கடற்கரைப் பக்கம் காற்றில் வந்து படிவது பெரும்பாலும் இந்த வகை. வராமல் மேலே மேடாகத் தட்டுப்பட்டால் சுண்ணாம்பு, அதற்குப் புளிப்பு வேண்டும். புளிப்புக்கும் அசையாமல், விரலால் தடவும்போது பள்ளமாகவோ, துடைத்த பிறகு நிழல்போலவோ தெரிந்தால் அரிப்பு இறங்கிவிட்டது என்று பொருள்.

சுண்ணாம்பு வகைக்குச் செய்ய வேண்டியது எளிது. காரை நிழலில் நிறுத்திப் புறங்கையைப் பானெட்டில் வைத்துப் பாருங்கள், சூடு தெரியக் கூடாது. முதலில் கார் ஷாம்பு போட்டுப் புழுதியை முழுக்கக் கழுவிவிட வேண்டும். மண் இருக்கும்போது துடைத்தால் அது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். பிறகு நிறமில்லாத வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. தண்ணீரும் சம பாகம் கலந்துகொள்ளுங்கள். கடையில் விற்கும் வினிகரில் சுமார் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கும், கலந்தால் 2 விழுக்காடு. கண்ணில் படாத ஓரத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு, மெத்தென்ற துணியை அதில் நனைத்துப் புள்ளியின் மேல் ஓரிரு நிமிடம் ஒற்றிவையுங்கள். காய விடக் கூடாது. லேசாகத் துடைத்துவிட்டு நிறைய நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே உலரத் துடைத்துவிடுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை செய்யலாம், அழுத்தித் தேய்க்கத்தான் கூடாது. வினிகர் இல்லாதபோது சிட்ரிக் ஆசிட் தூளை லிட்டருக்கு 20 கிராம் கரைத்தும் இதேபோல் செய்யலாம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற வித்தையேதான் இது. ஆனால் புளியை அப்படியே காரில் தேய்க்க வேண்டாம், அதன் நாரும் கோதும் கீறிவிடும்.

வினிகர் வழிந்து தரையில் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மார்பிள், மொசைக் தரையும் சுண்ணாம்புதான், அதையும் தின்றுவிடும்.

வினிகருக்கும் போகாத புள்ளியில் பெரும்பாலும் கால்சியம் சல்பேட்டோ சிலிக்காவோ இருக்கும். இதற்கென்று தனியாக விற்கும் கறைநீக்கிகளை நல்ல பட்டறையில் கொடுத்துச் செய்வதே சரி. அரிப்பு இறங்கியிருந்தால் பாலிஷ் எந்திரம் போட்டுத்தான் ஆக வேண்டும். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் பூச்சும் சேர்ந்து போய்விடும், மறுபடி பூச வேண்டிவரும். இதை முன்கூட்டியே சொல்லாமல் "பாலிஷ் போட்டுத் தருகிறேன்" என்பவரிடம் கவனமாக இருங்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தபோது எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் சுவரிலும் வண்டியிலும் படிந்ததே, அதுபோன்ற எண்ணெய்க் கறைக்கு வினிகரால் பயனில்லை. அதற்குத் தார் நீக்கும் திரவம்தான்.

கடையில் எதைக் கொடுக்கக் கூடாது

கழிவறை ஆசிட்டைப் பற்றி முன்பே சொன்னோம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், கூடவே குரோமையும் இரும்பையும் பிடித்துக்கொள்ளும். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்ததையும், பதிவேடு இல்லாமல், வாங்குபவரின் அடையாளச் சான்று பார்க்காமல், 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பதையும் நம் கடைகளில் சிலர் மறந்திருக்கிறார்கள். கார் கறைக்கு என்று கேட்டு வந்தாலும் விதி விதிதான்.

அதைவிட முக்கியம், வினிகர் ஆனாலும் ஆசிட் ஆனாலும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய ஷெட்டில் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே பில்லில் வாங்கிப் போகிறவரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அனுப்பச் சொல்லிக் கடை ஆட்களுக்குப் பழக்குங்கள். கம்பி நார், பச்சைத் தேய்ப்பான், பற்பசை, பாத்திரம் துலக்கும் தூள் ஆகியவையும் காருக்கு ஆகாதவை. இவற்றால் புள்ளி போகலாம், அந்த இடத்தில் ஆயிரம் கீறல் மிஞ்சும்.

வராமல் காப்பது

கார் கழுவுபவர்கள் அநேகமாக விடியற்காலையில் வந்து ஒரு வாளித் தண்ணீரில் நாலு காரைக் கழுவி, துடைக்காமல் போய்விடுகிறார்கள். ஏழு மணி வெயில் மீதி வேலையைச் செய்கிறது. அவருக்கு மாதம் கொஞ்சம் கூடக் கொடுத்து, இரண்டு நல்ல மைக்ரோஃபைபர் துண்டும் வாங்கிக் கொடுத்து, ஈரம் இல்லாமல் துடைக்கச் சொல்லுங்கள். கறையைத் தடுப்பதில் முக்கால்வாசி வேலை இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. துண்டைப் போர் தண்ணீரில் அலசிக் காயவைத்து முரடாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வாளிக்கு நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும்? கடையில் ஏ.சி. இருந்தால் அதன் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்துவையுங்கள். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து வடிந்த நீர் அது, ஏறக்குறைய உப்பே இருக்காது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு நாளிலேயே பல லிட்டர் சேரும். அன்றன்றைக்குப் பிடித்து, தூசி இருந்தால் வடிகட்டிப் பயன்படுத்தலாம். குடிக்கத்தான் கூடாது. தமிழகத்தில் 2003ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டிய தொட்டி மொட்டை மாடிக் கீழ் இன்னும் நல்ல நிலையில் இருந்தால், அந்த நீரைவிடச் சிறந்தது வேறில்லை. பூச்செடிக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பானில் ஐந்து லிட்டர் ஊற்றி மேலிருந்து கீழாகத் தெளித்தால் முழுக் காருக்கும் போதும்.

தண்ணீரின் உப்பளவைப் பார்க்கப் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது மொத்த உப்பைக் காட்டுமே தவிர அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. அதற்குச் சோப்பு நுரை சோதனையே நமக்குப் போதும்.

அடுக்குமாடியில் தூண்களுக்கு இடையே கார் நிறுத்துபவர்கள் ஒருமுறை தலையை உயர்த்திப் பாருங்கள். கான்கிரீட் தளத்தில் கசிவு இருந்தால், அங்கிருந்து சொட்டும் நீர் சிமென்டின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. போர் தண்ணீர்ப் புள்ளியைவிட இது பல மடங்கு பிடிவாதமானது, விரைவில் பெயிண்டில் ஊறிவிடும். கார் உறை போடுவது நல்லதுதான், ஆனால் புழுதியோடோ ஈரத்தோடோ இருக்கும் காரின் மேல் போட்டால் கெடுதலே அதிகம்.

உத்தரவாதமும் பில்லும்

பூச்சு போடுமுன் உத்தரவாத அட்டையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று முன்பக்கம் இருக்கும். தண்ணீர்க் கறை, பறவை எச்சம், தொழிற்சாலைத் தூசி ஆகியவை அடங்காது என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். மணலியில் அந்த மூன்றையும் கழித்துவிட்டால் உத்தரவாதத்தில் என்ன மிஞ்சுகிறது என்று கேளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அவர்களிடமே கட்டணம் கட்டிப் பராமரிக்காவிட்டால் உத்தரவாதம் இரத்து என்ற நிபந்தனையும் சில அட்டைகளில் உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள்.

பில் எந்தப் பெயரில் போடுவது என்பதிலும் யோசனை தேவை. சொந்தக் காருக்கான பராமரிப்புச் செலவைக் கடைப் பெயரில் பில் போட்டாலும், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவின்படி 13 பேர்வரை ஏற்றும் பயணிகள் வாகனத்துக்கு உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடையாது. சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. மேலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கொள்வதில்லை. சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைப் பெயரில் பில் போட்டுவிட்டுப் பின்னால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு இந்தக் கேள்வியைத்தான் முதலில் எழுப்பும். குடும்பக் காருக்குக் குடும்பத்தார் பெயரிலேயே பில் வாங்குவது நல்லது.

செங்குன்றத்திலிருந்து அரிசி ஏற்றிவரும் 'குட்டி யானை' வண்டிக்கும் செராமிக் போடலாமா என்று கேட்கிறார்கள். எங்கள் கருத்தில் வேண்டாம். வெள்ளை வண்டியில் புள்ளி அவ்வளவாகத் தெரியாது, மூட்டையும் கயிறும் உரசுகிற உடம்பில் ஓரிரு மைக்ரான் படலம் எத்தனை நாள் நிற்கும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாதாரண மெழுகு பாலிஷை நம் ஆளே போட்டுத் துடைக்கலாம். மிச்சமாகும் பணத்தில் வண்டியின் அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கும் பூச்சு அடித்துவிடுங்கள். எண்ணூர்க் கடற்காற்றில் வண்டி முதலில் கெடுவது அங்கேதான்.